பையன்களின் புலனக் குழுவைப் பார்த்துவிட்டீர்கள், அடுத்து என்ன?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்துத் திடலில், பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பையன்களுக்கு நீங்கள் காற்பந்து பழக்குகிறீர்கள். அவர்களில் ஒருவன் தன் கைப்பேசியை உங்களிடம் காட்டியிருக்கிறான். கோயில் மண்டபத்தில் நடக்கும் டியூஷனுக்கு வரும் பெண்பிள்ளைகளைத் தெரியாமல் படம் பிடித்து, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டு, உடம்பைப் பற்றி எழுதி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். திட்டினால் வாயை மூடிக்கொள்கிறார்கள். பெரியவர்களிடம் சொன்னால் "வயசு அப்படி, விடு" என்கிறார்கள். பெண்களை மதிக்க இவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்கிறீர்கள்.

கோலாலங்காட் வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியராக இருந்தவள் நான். கைப்பேசி வருவதற்கு முன்னால் இதே சங்கதி கழிப்பறைச் சுவரில் இருந்தது, கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. இப்போது ஒரு நொடியில் ஊர் முழுக்கப் போய்விடுகிறது, அதுதான் வித்தியாசம்.

அதனால் முதலில் அந்தப் படங்கள். பாடமெல்லாம் அப்புறம். குழுவின் நிர்வாகி யார் என்று பார்த்து, நிர்வாகி மட்டுமே செய்தி போடலாம் என்று அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். மற்றவர்கள் புதிதாக எதுவும் அதில் போட முடியாது. கோபத்தில் உடனே எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிவிடாதீர்கள். படத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இது தெரிய வேண்டும். பள்ளியில் புகார் செய்வதா, போலீசுக்குப் போவதா, இத்தோடு விடுவதா என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. முடிவு தெரிந்த பிறகு அழிக்கும்போது, குழுவில் அழித்தால் மட்டும் போதாது. புலனத்தில் வரும் படம் பலருடைய கைப்பேசியில் தானாகவே படத்தொகுப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும். அங்கேயும் போய், அவனவன் கையாலேயே அழிக்க வைக்க வேண்டும்.

அந்தக் குழுவில் ஆடையில்லாத படம் ஒன்று இருந்து, அதில் இருப்பவள் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், நிலைமை வேறு. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி ஒரு படத்தை வைத்திருப்பதே குற்றம். ஆதாரத்துக்கு என்று நீங்கள்கூட உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிக்கொள்ளக் கூடாது. நேராகப் போலீசுக்குப் போங்கள், அல்லது அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசிஹ் 15999 எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

பெண்பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்ல நீங்கள் போக வேண்டாம். டியூஷன் டீச்சரோ, அவர்கள் நம்பும் ஓர் அக்காவோ தனித்தனியாகச் சொல்லட்டும். சொன்னதும் நம் ஊரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "இனிமே டியூஷன் வேணாம், வீட்டுல இருந்தே படி" என்பார் ஓர் அப்பா. "சட்டையைப் பார்த்துப் போட்டிருக்கலாம்" என்பார் ஒரு பாட்டி. கோயில் கமிட்டியில் யாராவது வகுப்பையே வேறு நேரத்துக்கு மாற்றலாம் என்று யோசனை சொல்வார். ஐந்தாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகிற பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருப்பாள், படம் எடுத்தவன் வழக்கம்போலத் திடலுக்கு வருவான். இதை மட்டும் நடக்க விடாதீர்கள். யாராவது நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் அது உங்கள் பையன்கள்தான். நீங்கள் மணிக்கணக்காகப் பேசிச் சொல்லிக் கொடுப்பதைவிட இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து அவர்கள் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

எல்லார் முன்னாலும் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைப்பதும் வேண்டாம். நம்மவர்களுக்கு அது பிடிக்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகளும் ஊரே பார்க்க அங்கே நின்று, "பரவாயில்லை" என்று சொல்லித் தீர வேண்டியிருக்கும். அவர்கள் கேட்டால் பையன்கள் எழுதிக் கொடுக்கட்டும். மன்னித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது.

சரி, பையன்களிடம் வருவோம். மொத்த அணியையும் உட்கார வைத்துப் பேசினால் ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். மூன்று நான்கு பேராகக் கூப்பிடுங்கள். உங்களிடம் கைப்பேசியைக் காட்டியவன் யார் என்பது உங்களோடேயே இருக்கட்டும், அவன் அப்பாவிடம்கூடச் சொல்ல வேண்டாம். அப்படி ஒருவன் வந்து காட்டியிருக்கிறான் என்றால், பிடிக்காமலே சிரிப்புப் பொம்மை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இன்னும் சிலர் உள்ளே இருப்பார்கள். நான் பார்த்த எல்லாக் குழுக்களிலும் அப்படித்தான். படம் எடுப்பவன் ஒருவன் அல்லது இரண்டு பேர். மற்றவர்கள் சிரிக்கிறவர்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் முதலாமவன் அடுத்த படத்தை எடுக்கிறான். ஆகவே "யார் எடுத்தது?" என்ற விசாரணையோடு நிறுத்தாமல், "பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது? வெளியே போக நினைத்தாயா? ஏன் போகவில்லை?" என்று கேளுங்கள். "போனா என்னை ஒரு மாதிரியா பேசுவாங்க" என்ற பதில் வரும். அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

இரண்டு விஷயங்களை அவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து மனசு கிளர்வது இந்த வயதில் இயற்கை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதையே பாவம் என்று திட்டினால் பையன் ஒளிந்துகொண்டு செய்யக் கற்றுக்கொள்வான், வேறொன்றும் மாறாது. தப்பு எங்கே தொடங்குகிறது? அவளுக்குத் தெரியாமல் அவள் உடம்பை எடுத்து, துண்டு போட்டு, கூட்டத்தில் வைத்து விலை பேசும் இடத்தில். அந்தப் படத்தில் இருக்கும் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரியாக இருக்கலாம், அவள் அம்மா மருத்துவமனையில் இருக்கலாம், அன்று அவள் அழுதுவிட்டு வந்திருக்கலாம். மதிப்பெண் போட்டவனுக்கு இதில் ஒன்றும் தேவைப்படவில்லை. இதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படத்தை எடுக்கலாமா என்று அவளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?" எல்லாருக்கும் பதில் தெரியும். தெரிந்துதான் கேட்காமல் எடுத்தார்கள். அவள் விருப்பம் என்று ஒன்று இருப்பதை அவர்கள் அறிவார்கள், அதைத் தாண்டிப் போனார்கள். இந்த இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். அவர்களாகவே பேசும்வரை நீங்கள் பேசாமல் இருப்பது நல்லது.

இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்கு உறுத்தலாம். "உன் அக்கா தங்கச்சியா இருந்தா இப்படிச் செய்வியா?" என்று கேட்காதீர்கள். நம் வீடுகளிலும் கோயில்களிலும் பள்ளிகளிலும் இந்த ஒரு பாடத்தைத்தான் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். கேட்ட உடனே பையன் தலை குனிவான், அதனால் வேலை செய்ததாகத் தோன்றும். ஆனால் அந்தப் பாடத்தின்படி ஒரு பெண்ணுக்கு மரியாதை கிடைக்க வேண்டும் என்றால் அவள் யாராவது ஓர் ஆணுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அப்படியானால் சொந்தமில்லாதவள்? வேறு தாமான் குடியிருப்பிலிருந்து வருகிறவள்? தொழிற்சாலையில் வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்? பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை போட்டிருக்கும் மலாய்ப் பெண்? அவளை என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று பையன் முடிவு செய்துகொள்கிறான்.

அதே பாடத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. "எங்க தங்கச்சியப் பார்த்தான்" என்று பக்கத்துத் தாமான் பையன்களோடு அடிதடிக்குப் போகிறவர்கள் இதே பையன்கள்தான். வீட்டில் தங்கையின் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்ப்பதும், அவள் யாரோடு பேச வேண்டும் என்று உத்தரவு போடுவதும், அதற்குப் பெயர் பாசம் என்று நினைப்பதும் அவர்கள்தான். தங்கையைப் பூட்டி வைப்பவனும் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் படம் எடுப்பவனும் ஒன்றையே செய்கிறார்கள். இரண்டு பேருமே அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. என் மனதில் இருக்கும் பாடம் இவ்வளவுதான்: அவள் யாருக்கு என்ன உறவு என்பது தேவையே இல்லை, அவள் உடம்பும் அவள் படமும் அவள் நேரமும் அவளுடையவை, அவளைக் கேட்டுத்தான் எதுவும். மற்றதெல்லாம் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவரும் வழிகள்.

உங்கள் வட்டாரத்துக்கு இதில் ஒரு சரித்திரம் உண்டு. பையன்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில், சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள், கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள், துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். அதே பட்டியலில், வெள்ளைக்காரர்களும் "கறுப்பு வெள்ளைக்காரர்கள்" என்று சொல்லப்பட்ட தோட்ட உத்தியோகஸ்தர்களும் தொழிலாளிப் பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள்.

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்த்து, எவள் எப்படி என்று தங்களுக்குள் பேசிச் சிரிக்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று நினைத்தவர்களை எதிர்த்துத்தான் அந்தக் கோரிக்கை எழுந்தது. உங்கள் பையன்களில் சிலருடைய கொள்ளுத் தாத்தாக்கள் அந்த வேலைநிறுத்தத்தில் இருந்திருக்கக்கூடும். இன்று அந்தக் குழுவில் மதிப்பெண் போடுகிறவன் எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்று அவர்களையே கேளுங்கள். இதை நான் வகுப்பில் சொன்னபோதெல்லாம், பின்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் இழிவுபடுத்தப்படுவது என்ன என்று தோட்டப்புறப் பையனுக்கு நன்றாகத் தெரியும். கடைக்குள் நுழைந்தால் காவலாளி பின்னாலேயே வருவது, பெயரைக் கேட்டதும் ஆள் எப்படி என்று முடிவு கட்டிவிடுவது, இதெல்லாம் அவனுக்கு நடக்கிறது. அந்த வலியிலிருந்து பேசத் தொடங்கினால், அடுத்தவள் வலிக்குப் போகும் தூரம் அதிகமில்லை.

பாட்டிகளிடம் அனுப்பி வையுங்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பால் வாளியைக் காண்டாக் கழியில் தோளில் தூக்கி நடந்து, வீட்டுக்கு வந்து சமைத்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பாட்டியிடம் அவருடைய ஒருநாள் வேலையைக் கேட்டு எழுதி வரட்டும். 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் துப்பாக்கி பிடித்ததையும், அந்தப் படையில் இருந்த ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர்களுக்குச் சங்கம் அமைத்துச் சம சம்பளத்துக்குப் போராடியதையும் சொல்லலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: சாதித்த பெண்ணுக்குத்தான் மரியாதை என்று பையன்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. பெண் என்றதும் ஒரு படம் மட்டும் நினைவுக்கு வரும் தலையில், வேலை செய்கிற, முடிவெடுக்கிற, கோபப்படுகிற பெண்களும் இடம்பிடிக்க வேண்டும், அதற்காகத்தான் இது.

உங்கள் திடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெதுவாக ஓடுகிறவனைப் பார்த்து "பொம்பளை மாதிரி ஓடாதே" என்று பயிற்சியாளர்கள் கத்துவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். உங்கள் திடலில் அது இருந்தால் நாளையிலிருந்து வேண்டாம், உதவிக்கு வரும் அண்ணன்களுக்கும் சொல்லிவிடுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் வாரத்தில் சில மாலை அந்தத் திடல் கிடைக்குமா என்று பாருங்கள். விளையாட ஆசை உள்ளவர்கள் இருப்பார்கள், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கூட ஆடி, பந்து வாங்கி, தோற்று, சண்டை போட்ட ஒருத்தியை மதிப்பெண் போடும் பொருளாகப் பார்ப்பது பையனுக்குக் கடினமாகிவிடும்.

ஜெர்சியையும் பூட்சையும் அவனவனே துவைக்க வேண்டும் என்று விதி போடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். தெலுக் பங்ளிமா காராங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் அம்மா, சேறு பிடித்த ஜெர்சியை ஊற வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார். தன் வேலையைச் செய்யவே ஒரு பெண் இருக்கிறாள் என்று வீட்டில் பழகிய பையனுக்கு, தன் பொழுதுபோக்குக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்ற எண்ணம் சுலபமாக வந்துவிடும். கோயில் அன்னதானத்திலும் இதையே செய்யலாம். உறுமி அடித்து முடித்த கையோடு பையன்கள் அண்டாக்களைக் கழுவட்டும்.

சினிமாவையும் கைப்பேசியையும் தடை செய்து ஜெயிக்க முடியாது. அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். வேண்டாம் என்று சொல்லும் கதாநாயகியின் பின்னாலேயே கதாநாயகன் சுற்றி, கடைசியில் அவள் சிரித்துவிடும் காட்சி நம் படங்களில் எத்தனையோ உண்டு. ஒரு காட்சியை ஓடவிட்டு, அவள் எத்தனை தடவை வேண்டாம் என்றாள் என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணும்போது பையன்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். அப்புறம், நம் நாட்டில் 2023இலிருந்து இது குற்றம் என்பதையும் சொல்லுங்கள். குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவின்படி, ஒருவருக்குப் பயமோ மன உளைச்சலோ வரும்படி இரண்டு முறை பின்தொடர்ந்தாலே வழக்குப் போடலாம், மூன்று ஆண்டு வரை சிறை. மோட்டாரில் பள்ளி பஸ் பின்னால் போகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

ஆபாசப் படங்களையும் மறைக்காமல் பேசுங்கள். அவர்கள் பார்த்திருப்பார்கள், நீங்கள் தெரியாதது போல் இருப்பதால் ஒன்றும் ஆகாது. அது கேமராவுக்காக நடிக்கப்படுவது, அதில் யாரும் யாரிடமும் சம்மதம் கேட்பதில்லை, உண்மையான மனிதர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை என்பதை ஒரு மூத்த ஆண் சாதாரணக் குரலில் சொன்னால் பையன்கள் கேட்கிறார்கள். இதை நான் சொல்வதைவிட நீங்கள் சொல்வது நல்லது.

"வயசு அப்படி" என்று சொன்ன பெரியவர்களுக்கு மட்டும் சட்டத்தை முன்னால் வையுங்கள். குற்றவியல் சட்டம் 509ஆவது பிரிவு, மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் நோக்கத்தோடு பேசுவதையும் சைகை காட்டுவதையும் ஒருவருடைய அந்தரங்கத்தில் நுழைவதையும் ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றமாக வைத்திருக்கிறது. பையனுக்கு வயது குறைவு என்றால் சிறார் நீதிமன்றம் இருக்கிறது. 2022இல் பாலியல் தொல்லைக்கு எதிராகத் தனிச் சட்டம் வந்து, 2024 மார்ச் முதல் அதற்கென்று ஒரு நடுவர் மன்றமும் இயங்குகிறது, இரண்டரை லட்சம் ரிங்கிட் வரை இழப்பீடு விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. 2021இல் ஒரு பதினேழு வயது மாணவி, வகுப்பில் ஓர் ஆசிரியர் பாலியல் வன்முறையை வேடிக்கையாகப் பேசியதை டிக்டாக்கில் போட்டபோது நாடே அதைப் பேசியது. முன்பு போல் பெண்பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருக்கும் காலம் இல்லை என்று அப்பாமார்களுக்குச் சொல்லுங்கள். அப்படியே, ஒட்டுக்கடையில் உட்கார்ந்து போகிற வருகிற பெண்களைப் பற்றி அவர்கள் பேசுவதைப் பக்கத்து மேசையில் மைலோ குடிக்கும் பையன்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் மரியாதையாகவே சொல்லுங்கள். ஓர் அப்பா வாயை அடக்கினாலும் லாபம்தான்.

கடைசியாக, படம் எடுத்த அந்தப் பையனை அணியை விட்டு நீக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அவனை வெளியே தள்ளினால், அதே பேச்சைக் கைதட்டி வரவேற்கும் வேறு கூட்டம் நம் ஊரில் தயாராக இருக்கிறது, அங்கே அவனோடு பேச உங்களைப் போல் ஒருவர் இருக்க மாட்டார். பயிற்சிக்கு வரட்டும், ஆனால் ஆட்டத்தில் இறக்காதீர்கள். படங்களை அழித்தானா, பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தானா, குழுவில் மற்றவன் ஏதாவது போடும்போது வாய் திறந்து தடுக்கிறானா என்று பாருங்கள். எப்போது திரும்ப ஆடலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். டியூஷன் நேரத்தில் மண்டபத்துப் பக்கம் அவன் எப்போது வரலாம் என்பதை மட்டும் அந்தப் பிள்ளைகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர்கள் பரீட்சை முடியும்வரை அவன் மேட்டுச் சாலை வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போகட்டும்.